கேபின்காரரைக் கேளுங்கள்

(சுற்றுலாக் கப்பல்களில் பல வருடம் கேபின் ஸ்டூவர்டாக இருந்துவிட்டு, இப்போது காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பும் சின்னதாக ஒரு டிக்கெட் புக்கிங் கடையுமாக இருப்பவர் பதில் சொல்கிறார். இந்த இதழில், பிள்ளைகளோடு கப்பல் பயணம் போவது பற்றி வந்த கேள்விகள்.)

அண்ணா, எங்களுக்கு 9 வயதில் மகன், 4 வயதில் மகள். மாமியாருக்கு 68. மொத்தம் ஐந்து பேர். சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலில் ஒரு தடவை போய்வர ஆசை. ஒரே ரூமில் சமாளித்துவிடலாமா? பால்கனி வைத்த ரூம்தான் நல்லது என்கிறார்களே? பிள்ளைகளுக்கு அங்கே பொழுது போகுமா?
— ஒரு வாசகி, அரூர்

ஐந்து பேர் ஒரே கேபினில் என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். சாதாரண கேபினில் கீழே இரண்டு கட்டில் இருக்கும். மூன்றாவது, நான்காவது ஆளுக்கான படுக்கை சுவரோடு மடித்து வைத்திருப்பார்கள். சாயங்காலம் நீங்கள் சாப்பிடப் போனதும் ஸ்டூவர்ட் வந்து அதை இறக்கி விரித்து, ஏணி மாட்டிவிட்டுப் போவார். காலையில் மறுபடி மடிப்பார். அது என் வேலையாக இருந்ததால் சொல்கிறேன், நான்கு படுக்கையும் விரித்துவிட்டால் ஒரு ஆள் நின்று வேட்டி கட்டத்தான் தரையில் இடம் மிஞ்சும்.

இரண்டு கேபினாக எடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் அல்லது எதிரெதிரே கேட்டு வாங்குங்கள். லிஃப்டுக்குக் கிட்டே இருந்தால் உங்கள் மாமியாருக்கு நல்லது. மேல் படுக்கை மகனுக்குக் கொண்டாட்டம். மகளை அங்கே ஏற்றாதீர்கள், 6 வயதாவது ஆகட்டும்.

பால்கனிக்கு என் ஓட்டு இல்லை. நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் அறையில் கடலைப் பார்த்த கதவு ஒன்று இருந்தால் அம்மாவுக்குத் தூக்கம் வராது. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, கம்பித் தடுப்பும் உயரம்தான். ஆனால் அங்கே கிடக்கிற நாற்காலியைப் பிள்ளை தடுப்பின் ஓரமாக இழுத்துப் போட எவ்வளவு நேரமாகும்? ஜன்னல் இல்லாத உள் கேபின்தான் விலை குறைவு, பிள்ளைகளும் நன்றாகத் தூங்குவார்கள். ஒரு விஷயம், விளக்கை அணைத்தால் உள்ளே கும்மிருட்டு. நடு ராத்திரி விழித்த குழந்தை பயந்து போகும். பேட்டரியில் எரியும் குட்டி விளக்கு ஒன்று கொண்டுபோங்கள். பகலில் வெளிச்சம் வேண்டும் என்றால் திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்த கேபின் கிடைக்கும், விலையும் நடுத்தரம்.

சென்னையிலிருந்து நம் ஆட்கள் போவது பெரும்பாலும் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலில். 1990-இல் ஓடத் தொடங்கிய கப்பல், 11 தளம், சுமார் 1,800 பேர் போகலாம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இந்தப் பயணங்கள் ஆரம்பித்தன. அரபிக் கடலில் தென்மேற்குப் பருவமழை கொந்தளிக்கும் மாதங்களில்தான் அது பெரும்பாலும் இந்தப் பக்கம் வரும். மற்ற நாளில் மும்பை, கோவா என்று இருக்கும். அதனால் முதலில் கப்பல் தேதி, அப்புறம்தான் ஆபீஸ் லீவு.

பொழுது போகுமா என்று கேட்டீர்கள். பிள்ளைகளுக்கென்று தனி அறை, விளையாட்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் எல்லாம் உண்டு. பொதுவாக 3 வயதிலிருந்து சேர்ப்பார்கள், டயப்பர் விட்டிருக்க வேண்டும். ஏறிய அன்றே போய்ப் பெயர் எழுதிவிடுங்கள், மறுநாள் போனால் கூட்டம். பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அது கேபின் வாசலுக்கு வந்து சேர மணிக்கணக்கில் ஆகலாம். நீச்சல் உடை, மாற்றுத் துணி, மருந்து மூன்றையும் கைப்பையில் வையுங்கள். மற்றவர்கள் பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் உங்கள் பிள்ளைகள் குளத்தில் இருப்பார்கள். ஆனால் நீங்களும் கூடவே இருக்க வேண்டும். பல கப்பல்களில் நீச்சல் குளத்தைக் கவனிக்க ஆள் போட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. நடைபாதைகள் நீளம், கதவுகள் எல்லாம் ஒரே மாதிரி. கதவு தெரியாமல் அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளை எத்தனையோ தடவை கையைப் பிடித்து அறையில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். கேபின் சுவரும் கதவும் பெரும்பாலும் இரும்புத் தகடுதான், காந்தம் ஒட்டும். வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் மாம்பழ பொம்மையைக் கழற்றிக்கொண்டு போய்க் கேபின் கதவில் ஒட்டிவிடுங்கள். மகளுக்கு அதுதான் அடையாளம். மகனுக்குத் தளத்தின் எண்ணும் கேபின் எண்ணும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

மாமியாரைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் பாட்டியைக் கூட்டிவந்தோம் என்று நடந்துகொள்ளும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் மேலே டான்ஸ் பார்க்க, பாட்டி மட்டும் இருட்டுக் கேபினில் தூங்குகிற பிள்ளைக்குக் காவல். ஒரு ராத்திரி நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் அந்தக் காவலை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தை மேல் தளத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும்.

சார், சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் 7 ராத்திரி, நான்கு ஊர் இறங்குகிற மாதிரி ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். 3 ராத்திரி, ஒரே ஊர் என்றால் பாதிக்கும் குறைவு. பிள்ளைகளுக்கு 6, 11 வயது. இவ்வளவு தூரம் போகிறோம், பெரியதாகவே போய்விடலாமா?
— ஒரு அப்பா, ஓசூர்

சின்னதாகவே போங்கள்.

ஊர் இறங்கும் நாள் எப்படி இருக்கும் என்று பேக்கேஜ் விற்பவர் சொல்ல மாட்டார். காலையில் ஆறு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி, அவசரமாக ஊட்டி, இறங்குகிற வரிசையில் நின்று, வெயிலில் பஸ் ஏறி, கோயிலோ கடைத்தெருவோ பார்த்து, கப்பல் கிளம்பும் நேரத்துக்கு முன்னால் மூச்சு வாங்கத் திரும்ப வேண்டும். கடைசியாக ஏற வேண்டிய நேரம் என்று ஒன்று அறிவிப்பார்கள். நீங்களாகச் சுற்றப் போய் அதைத் தவறவிட்டால் கப்பல் உங்களுக்காக நிற்காது, அடுத்த ஊருக்கு உங்கள் செலவில் போய்ப் பிடிக்க வேண்டியதுதான். சில இடங்களில் கப்பல் கரைக்கே வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கரைக்கு ஏற்றிப் போவார்கள். போகவும் வரவும் வரிசை. நான்கு நாள் இப்படி என்றால் 6 வயதுப் பிள்ளை இரண்டாம் நாளே சாப்பாட்டு மேஜையில் தூங்கிவிழும்.

பிள்ளைகளுக்குப் பார்க்க வந்த ஊரே கப்பல்தான். அதனால் ஒரே ஒரு ஊர் போதும். அது பினாங்காக இருந்தால் இன்னும் நல்லது. கப்பல் ஜார்ஜ் டவுனை ஒட்டியே நிற்கும், இறங்கி நடந்தே லிட்டில் இந்தியா போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். இன்னொரு வழியும் இருக்கிறது. எல்லாரும் ஊர் பார்க்க இறங்கிய பிறகு கப்பலிலேயே இருந்துவிடுங்கள். குளம் காலி, சறுக்குமரத்தில் வரிசை கிடையாது, ஐஸ்கிரீம் எந்திரத்துக்கு முன்னால் உங்கள் பிள்ளைகள் மட்டும். விவரம் தெரிந்தவர்கள் செய்வது இதைத்தான்.

காகித வேலையில் இரண்டு இடத்தில் கவனம். சிங்கப்பூரில் ஏறி, வேறு நாட்டில் இறங்கி, மறுபடி சிங்கப்பூருக்குள் வருகிறீர்கள். அதனால் ஒரே தடவை நுழையும் விசா போதாது, பல தடவை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று கையில் வந்ததும் படித்துப் பாருங்கள். அடுத்தது பிள்ளைகளின் பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு 10 வருடம், சின்னப் பிள்ளைகளுக்கு 5 வருடம்தான். நம்முடையது செல்லும், பிள்ளையுடையது காலாவதியாகியிருக்கும். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். அம்மா, அப்பா இருவரில் ஒருவர் மட்டும் கூட்டிப்போவதானால் மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் போட்ட விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அதன் மேல் துறைமுகக் கட்டணம், ஊழியருக்கான தினசரி டிப்ஸ், ஜிஎஸ்டி வரும். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் உங்களுக்கே வரவு ஆகும், ரசீதைத் தொலைக்காதீர்கள். கப்பலில் கையில் காசு புழங்காது. கேபின் சாவி அட்டையைத் தேய்த்தால் கணக்கில் ஏறும். 11 வயதுப் பையனுக்கும் ஒரு அட்டை தருவார்கள். வீடியோ கேம் அறை ஒன்று இருக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காசு. ஏறிய முதல் நாளே வரவேற்பு மேஜைக்குப் போய், "இந்த அட்டையில் செலவு ஏறக் கூடாது" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். கடைசி நாள் காலையில் பில்லைப் பார்த்துவிட்டுக் கேபினுக்குள்ளேயே பிள்ளையைத் திட்டும் அப்பாக்களின் குரல் நடைபாதை வரை கேட்கும்.

தொப்பூர் கணவாயில் பஸ் திரும்பினாலே என் மகள் (7 வயது) வாந்தி எடுப்பாள். கப்பல் தாங்குவாளா?
— பாலக்கோடு வாசகி

அம்மா, கணவாய் பஸ்ஸையும் பெரிய கப்பலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பஸ் நிமிடத்துக்கு ஒரு தடவை வெட்டித் திரும்பும், கப்பல் மெதுவாகத்தான் அசையும். தண்ணீருக்கு அடியில் கப்பலின் இரு பக்கமும் மீன் துடுப்பு போல ஸ்டெபிலைசர்கள் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கவாட்டு ஆட்டத்தை அவை நன்றாகக் குறைக்கும். கடல் அமைதியாக இருந்தால் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது.

ஆனாலும் 2 வயதிலிருந்து 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். உடம்பு அசைகிறது என்று உள்காது சொல்ல, அறைக்குள் இருக்கிற கண்ணோ எதுவும் அசையவில்லை என்று சொல்ல, மூளை குழம்புவதுதான் காரணம். அதனால் கேபினில் படுத்துக்கொண்டு செல்போன் பார்த்தால் கூடிவிடும். வெளித் தளத்துக்குக் கூட்டிவந்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். புக்கிங்கின்போதே கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள். ஆட்டம் குறைவான இடம் அதுதான், விலையும் பல நேரம் குறைவு. மூக்கும் வாலும் வேண்டாம்.

வெறும் வயிறாகவும் விடக் கூடாது, பிரியாணியும் கூடாது. நாங்கள் கப்பலில் கொடுப்பது பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும். இஞ்சி மரப்பாவும் நல்லதுதான். மாத்திரையை உங்கள் குழந்தை டாக்டரிடம் கேட்டு, அளவையும் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். பஸ்ஸுக்கு என்று மெடிக்கலில் சும்மா வாங்கும் புரோமெத்தசின் வகை மாத்திரையை 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் இலவசம் இல்லை. பயணக் காப்பீடு எடுத்துவிட்டு ஏறுங்கள்.

என் பேரனுக்கு ஒன்றரை வயது. ராகிக் கஞ்சி இல்லாமல் இருக்க மாட்டான். மாவும் சின்ன இண்டக்‌ஷன் அடுப்பும் எடுத்துப்போகலாமா?
— ஊத்தங்கரை பாட்டி

அடுப்பைத் துறைமுகத்திலேயே ஸ்கேனில் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள், திரும்பும்போதுதான் கிடைக்கும். அயர்ன் பாக்ஸ், கெட்டில் எல்லாம் அதே கதி. நடுக்கடலில் தண்ணீரை விட நெருப்புக்குத்தான் பயம். நீங்கள் கொண்டுபோகும் மாவைக் கப்பல் சமையல்கட்டிலும் காய்ச்சித் தர மாட்டார்கள், வெளிப் பொருள் உள்ளே வரக் கூடாது என்பது அவர்கள் சட்டம். வீட்டில் சமைத்ததும் கூடாது. சீல் வைத்த குழந்தை உணவாக இருந்தால், வெந்நீர் கலந்து கொடுக்கும் வகையை, முன்கூட்டியே கம்பெனியிடம் கேட்டு எடுத்துப்போங்கள். வெந்நீர், பால், குழைந்த சாதம், தயிர், வாழைப்பழம் எல்லாம் அங்கே கேட்டால் கிடைக்கும். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே பேரனை இவற்றுக்குப் பழக்குங்கள். கஞ்சி வீட்டுக்கு வந்ததும் குடிக்கட்டும்.

டயப்பர் போட்ட குழந்தையைப் பெரிய நீச்சல் குளத்தில் பல கப்பல்களில் விட மாட்டார்கள். அப்புறம், கேபின்காரனாக ஒரு வேண்டுகோள். டயப்பரையும் ஈரத் துடைப்பானையும் டாய்லெட்டில் போட்டுவிடாதீர்கள். காற்றால் உறிஞ்சும் குழாய் அது. ஒரு அறையில் அடைத்தால் வரிசையாகப் பல அறைகளில் நின்றுவிடும். அந்த உறிஞ்சல் சத்தம் ரொம்பப் பெரிது, மூடியை மூடிவிட்டு அமுக்குங்கள், குழந்தை அலறாது. சாப்பிடப் போகும் முன் கையை சோப்புப் போட்டே கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் வாந்திபேதிக்கு வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் மட்டும் போதாது.

மாமா, கப்பல் டைட்டானிக் மாதிரி மூழ்கிவிடுமா?
— 5-ஆம் வகுப்பு மாணவன், கிருஷ்ணகிரி

நல்ல கேள்வி தம்பி. 1912-இல் அந்தக் கப்பல் மூழ்கியபோது எல்லாருக்கும் போதுமான உயிர்காக்கும் படகு அதில் இல்லை. அதனால்தான் 1914-இல் பல நாடுகள் கூடிச் சட்டம் போட்டன, அதைத் திருத்தித் திருத்தி இன்றும் வைத்திருக்கிறார்கள். நீ ஏறியதும், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒரு ஒத்திகை நடக்கும். ஏழு சின்ன ஊதல், பிறகு ஒரு நீள ஊதல் கேட்டால் எந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று காட்டுவார்கள். 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். புதிதாக ஏறியவர்கள் பலருக்கு அன்று ஒத்திகை நடக்கும் முன்பே விபத்து நடந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் விதி இவ்வளவு கறாராக ஆனது. பெரியவர்கள் "அதெல்லாம் சும்மா" என்று பஃபே பக்கம் நழுவுவார்கள். ஒகேனக்கல் பரிசலில் லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்களே, அதே ஆட்கள்தான். நீ விடாதே, இழுத்துக்கொண்டு போ. சின்னப் பிள்ளைகளுக்கென்று தனி அளவு ஜாக்கெட்டும் இருக்கும், உன் கேபினில் இல்லாவிட்டால் ஸ்டூவர்டிடம் கேள்.

எங்களுக்கு மா சீசனில் ஊரை விட்டு நகர முடியாது. எந்த மாதம் போகலாம்?
— மா விவசாயி, சந்தூர்

எனக்கும் அதே தலைவலிதான். ஏப்ரல், மே பள்ளி விடுமுறை நமக்கு இல்லை என்று ஆகிவிட்டது. செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறையைப் பாருங்கள், காய் எல்லாம் இறங்கிக் கையிலும் கொஞ்சம் காசு இருக்கும். சென்னைக் கப்பல் அந்த வாரம் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம், அரையாண்டு விடுமுறைக்கு நான் யாருக்கும் அந்தப் பக்கம் போடுவதில்லை. பொங்கல் விடுமுறையில் கடல் நன்றாக இருக்கும். ஆனால் மாட்டுப் பொங்கலுக்கு வீட்டில் ஆள் இல்லாமலா என்று உங்கள் அம்மா கேட்பார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போனும் நெட்டும் கிடைக்குமா?
— ராயக்கோட்டை

கரை மறைந்ததும் போய்விடும். வைஃபைக்குத் தனிக் காசு. ஏறியதும் எல்லார் போனையும் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கில் போன் தானாகப் போய் ஒட்டிக்கொண்டால் பில் பயங்கரமாக வரும்.

தம்பி, நான் ஓய்வு பெற்ற வாத்தியார். பேரப்பிள்ளைகளுக்கு (10, 12 வயது) கடலில் கப்பல் பயணம் என்றால் என்ன என்று காட்ட வேண்டும். டான்ஸ், சூதாட்ட அறை, ஆடம்பரம் எல்லாம் எங்களுக்கு வேண்டாம். கட்டுப்படியாகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?
— பென்னாகரம்

இருக்கிறது ஐயா. உங்களுக்கு நான் சொல்வது கொச்சி–லட்சத்தீவு. லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவே 'சமுத்ரம்' என்ற பெயரில் எம்வி கவரத்தி கப்பலில் கூட்டிப்போகிறது. ஐந்து நாள். ராத்திரி கப்பலில் தூக்கம், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகள். கப்பல் வெளியே நிற்கும், படகில் மாறிக் கரைக்குப் போக வேண்டும். அந்தப் படகு மாறுகிற இடத்தில் அலை தூக்கிப் போடும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, நீங்கள் கையைக் கொடுத்து மெதுவாக இறங்குங்கள். மினிக்காயில் 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஆடம்பரம் எதிர்பார்க்காதீர்கள், இது தீவு மக்கள் போய்வரும் கப்பல். சரக்கும், ஊருக்குத் திரும்பும் மாணவர்களும், ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்களும் கூடவே வருவார்கள். பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள் காட்ட நினைப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

அது தூரம் என்றால் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை படகு இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரத்தில் யாழ்ப்பாணப் பக்கம் இறங்கிவிடலாம். பாஸ்போர்ட் வேண்டும். மழை, புயல் என்றால் நிறுத்திவிடுவார்கள், போகும் முன் விசாரியுங்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்கும் அரசுக் கப்பல் போகும், ஆனால் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட மூன்று நாள். பிள்ளைகள் அலுத்துவிடுவார்கள், போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்றால் சரி.

லட்சத்தீவு என்று முடிவானால், நம் நாட்டவருக்கும் அங்கே நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். பேரப்பிள்ளைகளின் ஆதாரில் பெயர் ஸ்கூல் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் இப்போதே திருத்தக் கொடுங்கள். மழைக்காலத்தில் சுற்றுலாப் பயணம் கிடையாது, அதனால் ஜனவரி, பிப்ரவரி. சேலத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு நிறைய ரயில் இருக்கிறது. கப்பலுக்கு முந்தின நாளே போய் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள், அதே நாள் ரயிலை நம்பாதீர்கள். சீட்டும் அனுமதியும் கைக்கு வந்த பிறகு பிள்ளைகளிடம் சொன்னால் போதும்.